வான் பாயும் காலத்தில் ஆற்றோர நடை

இலங்கையின் வடக்கே வன்னியில், ஆற்றோரம் ஆட்களைக் கூட்டிச் செல்லும் வேலையில் அடிக்கடி காதில் விழும் கேள்வி: "வன்னியில நீர்வீழ்ச்சி எங்க இருக்கு?" விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வருபவர்கள்தான் கூடுதலாகக் கேட்பார்கள். எரிமலை நிலத்து ஆறுகளைப் பார்த்தவர்களின் கேள்வி அது. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் ஓடும் மக்கென்சி ஆற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எரிமலைக் குழம்பு இறுகிய பாறை அங்கே மழையையும் பனிநீரையும் உறிஞ்சி வைத்து ஊற்றாக மெல்ல விடுகிறது. கோடையிலும் ஆறு வற்றாது. குழம்பு ஆற்றை மறித்த விளிம்பில் சகேலி அருவி ஏறத்தாழ 30 மீற்றர் விழுகிறது.

வன்னியின் அடியில் இருப்பதில் பெரும்பகுதி மிகப் பழைய கடும்பாறை. தண்ணீரை அவ்வளவாக உள்ளே எடுக்காது. நிலமும் தட்டை. மாரி மழை வந்த வேகத்தில் கடலுக்குப் போய்விடும். அதை மறித்து வைப்பது குளம். ஆகவே இங்கே விழும் தண்ணீரைப் பார்க்க ஆசைப்படுபவர், குளம் வான் பாயும் இடத்துக்குத்தான், அதாவது நிரம்பிய குளத்தின் மிகைநீர் வழிந்து விழும் இடத்துக்குத்தான், வரவேண்டும்.

அதனால் நடையைத் திட்டமிடும்போது மேலே உள்ள குளத்தைக் கேட்டே முடிவெடுக்கிறோம். கனகராயன் ஆறு இரணைமடுவுக்கும், பாலியாறு வவுனிக்குளத்துக்கும், பேராறு முத்தையன்கட்டுக்கும் தண்ணீர் கொண்டுவருகின்றன. கிளிநொச்சியில் நல்ல வெயில் எறிக்கும். மாங்குளம் பக்கம் இரவு பெய்த மழை இரணைமடுவுக்கு வந்துகொண்டிருக்கும். குளம் 36 அடியை நெருங்கினால் வான்கதவு திறபடும், கீழாற்றில் மட்டம் சடுதியாக ஏறும். முதல்நாள் மாலையும் புறப்படும் காலையும் நீர்ப்பாசனத் திணைக்கள அலுவலகத்தில் இரண்டு விஷயம் கேட்க வேண்டும்: இப்போது எத்தனை கதவு திறந்திருக்கிறது, இன்று இன்னும் திறக்கும் எண்ணம் உண்டா. மன்னார்ப் பக்கம் ஓடும் அருவியாறு (மல்வத்து ஓயா) என்றால் அனுராதபுரத்து மழையையும் விசாரிக்க வேண்டும். அங்கே பெய்தது பிறகுதான் குஞ்சுக்குளத்துக்கு வந்து சேரும்.

ஆற்றங்கரையில் நின்றவுடன் தண்ணீர் விளிம்பில் ஒரு தடியை ஊன்றி விடுங்கள். தடி நனையத் தொடங்கினாலும், தெளிந்த தண்ணீர் கலங்கினாலும், சருகும் சுள்ளியும் நுரையோடு மிதந்து வந்தாலும் உடனே மேட்டுக்கு ஏற வேண்டும். படம் எடுத்து முடிக்கும்வரை நிற்கக்கூடாது.

வானின் அடிவாரம்தான் எல்லோரும் குளிக்க ஆசைப்படும் இடம், ஆகக் கூடிய ஆபத்தும் அங்கேதான். விழுந்த தண்ணீர் அடியில் போய்த் திரும்பச் சுருண்டு வானை நோக்கியே வருகிறது. அதற்குள் அகப்பட்டவரை அது வெளியே விடாமல் உருட்டும். நீந்தத் தெரிந்தவரும் தப்புவது கடினம். சீமெந்துத் தளத்தில் பிடித்திருக்கும் பாசி, செருப்போடு நிற்பவரைக் கணத்தில் சறுக்கிவிடும். கதவு திறந்திருக்கும்போது யாரையும் தளத்தில் இறக்குவதில்லை. பார்ப்பது கட்டின் மேலிருந்து மட்டும். தாம்போதியின் (ஆற்றைக் கடக்கும் தாழ்ந்த பாதை) மேல் தண்ணீர் பாய்ந்தால் நடந்தோ வாகனத்திலோ கடப்பதும் இல்லை.

பலர் அறியாதது மணல் அகழ்ந்த கிடங்கு. முழங்கால் அளவு தண்ணீரில் நாலு அடி வைத்தவர் ஐந்தாவது அடியில் தலைக்கு மேல் போவார். கலங்கல் தண்ணீரில் கிடங்கு தெரியாது, அதன் விளிம்பு மணலும் காலோடு சரியும். ஆளுயரத் தடியால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்தே இறங்க வேண்டும். முகம் நீரோட்டத்தை எதிர்த்திருக்கட்டும், பையின் இடுப்புப் பட்டி கழன்றிருக்கட்டும். தண்ணீர் முழங்காலைத் தாண்டினால் திரும்பிவிடுங்கள். மடுக்களில் முதலை கிடக்கும், ஆகவே மாடு தண்ணீர் குடிக்கும் துறையை ஊரவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வது போதாது. அங்கேயும் கரையிலிருந்து விலகியே நில்லுங்கள்.

கரையோர மருத மரங்களின் கீழ் நிழல் இருக்கிறதென்று பாதையை விட்டு விலகக்கூடாது. மண்டையோட்டுச் சிவப்புப் பலகை இருந்த இடத்தில் மட்டும்தான் மிதிவெடி என்று நினைப்பது பிழை. வெள்ளம் மிதிவெடியையும் நகர்த்தும். ஊரார் தினமும் புழங்கும் தடமே பாதை. காட்டுப் பகுதியென்றால் வனவளத் திணைக்களத்தின் அனுமதி முதலில் வேண்டும்.

நடக்க உகந்தது தை கடைசியிலிருந்து பங்குனி வரை: ஆறு தெளிந்து, மட்டம் இறங்கியிருக்கும். காலை 6 மணிக்குத் தொடங்கி, ஆளுக்கு 3 லீற்றர் கொதித்தாறிய நீரோடு போய், யானை இறங்கும் மாலைக்கு முன் திரும்ப வேண்டும். காலில் புண் உள்ளவரை தேங்கிய தண்ணீருக்குள் விடாதீர்கள், எலிக்காய்ச்சல் தொற்றும். அடுத்த வாரங்களில் காய்ச்சல் கண்டால், ஆற்றில் இறங்கியதை வைத்தியரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.