நிமிஷத்துக்கு 44

ஜூன் 8, கிருஷ்ணகிரி

பிரெஞ்சு இசையமைப்பாளர் மெஸ்ஸியானின் 'காலத்தின் முடிவுக்கான நால்வர் இசை'யை (வயலின், செல்லோ, கிளாரினெட், பியானோ; எட்டுப் பகுதிகள்) முழுசாகக் கேட்டேன். டாஷி என்ற அமெரிக்க நால்வர் குழு 1970களின் நடுவில் பதிவு செய்தது, பியானோ பீட்டர் செர்கின். கேட்கும் செயலியில் ஐந்தாம் பகுதிக்குக் கீழே இப்படி ஒரு வரி இருந்தது: ஸ்கேல் ஈ மேஜர், வேகம் 88, மனநிலை சோகம். ஸ்கேல் சரி. மற்ற இரண்டையும் ஏற்க மனசு வரவில்லை, அதனால்தான் இங்கே எழுதத் தொடங்குகிறேன்.

ஜூன் 9

அந்தப் பகுதிக்கு மெஸ்ஸியான் எழுதி வைத்த வேகம் 'முடிவில்லாத மெதுவாக'. எண்ணாகச் சொன்னால் மிகச் சின்ன அடியே நிமிஷத்துக்கு ஏறக்குறைய 44தான். 88 என்பது அதற்கு அப்படியே இரண்டு மடங்கு, கருவி எங்கோ ஒன்றை இரண்டாக எண்ணியிருக்கிறது. செல்லோ ஒரு சுரத்தைப் பிடித்தால் விடுவதே இல்லை, கீழே பியானோ ஒரே மாதிரி கார்டுகளை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டங்களை) ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே போகிறது. ஃப்ரெட் ஷெர்ரியின் வில்லில் அவசரம் துளியும் இல்லை. இந்த வேகத்தில் வில் திரும்பும் இடம் காதில் படாமல் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று வயலின் கற்றவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஜூன் 12

தவில் வாசிக்கும் பெரியப்பா வந்திருந்தார், போட்டுக் காட்டினேன். தொடையில் தட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கேட்டார். "அடி சுத்தமா இருக்குதுப்பா. ஆவர்த்தனந்தான் இல்ல. தீர்மானத்த எங்க கொண்டுபோய் வெக்கிறது?" என்றார்.

தாளத்தின் ஒரு முழுச் சுற்று ஆவர்த்தனம், அதை முடித்து வைக்கும் கோர்வை தீர்மானம். இதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் தேவதூதன் "இனி காலம் செல்லாது" என்று ஆணையிடும் இடத்தை மனதில் வைத்து எழுதப்பட்ட இசை இது. துடிப்பு உண்டு, ஆனால் சுற்றி வந்து சேர சமம் (சுற்றின் முதல் அடி) கிடையாது.

"சோகமா பெரியப்பா?" என்று கேட்டேன். "சோகம்னா இறங்கும். இது எங்க இறங்குது? நிக்குது" என்றார்.

ஜூன் 13

மாங்கூழ் ஆலைகளுக்குப் போகிற லாரிச் சத்தம் ராத்திரி முழுக்க. மூன்றாம் பகுதியை மட்டும் ஹெட்போனில் கேட்டேன். கிளாரினெட் தனியாக, ரிச்சர்ட் ஸ்டோல்ட்ஸ்மன். ஒரே சுரம், மௌனத்திலிருந்து கிளம்பி, காதை அடைக்கிற அளவுக்கு வளர்கிறது. சோகம் என்ற சொல் இங்கே பொருந்தும், மெஸ்ஸியானே அந்தப் பகுதிக்கு அப்படித்தான் குறிப்பு எழுதியிருக்கிறார்.

ஜூன் 15

பெரியப்பாவிடம் சொல்ல மறந்த விஷயம்: முதல் பகுதியின் பியானோ தாளம் நம்மிடமிருந்து போனது! 13ஆம் நூற்றாண்டில் சார்ங்கதேவர் எழுதிய சங்கீத ரத்னாகரத்தில் 120 தேசி தாளங்களின் பட்டியல் உண்டு. அதிலிருந்து ராகவர்தனம், சந்திரகலா, லக்ஷ்மீசம் மூன்றையும் மெஸ்ஸியான் எடுத்துக் கோத்து 17 கால அளவுகளாக ஆக்கி, அதன்மேல் 29 கார்டுகளைச் சுற்ற விட்டார். இரண்டும் பகா எண்கள், ஆகவே தொடங்கிய இடத்துக்கே இரண்டும் சேர்ந்து திரும்ப 493 கார்டுகள் வாசிக்க வேண்டும். பகுதியோ மூன்று நிமிஷத்துக்குள் நின்றுவிடுகிறது. செல்லோ வேறு தன் கணக்கில் தனியாகச் சுற்றுகிறது, மேலே வயலினும் கிளாரினெட்டும் பறவைகளாகக் கூவுகின்றன. நம் ஆட்கள் கணக்கு போடுவது கடைசியில் சமத்தில் வந்து விழுவதற்காக. இவர் போட்ட கணக்கு விழாமல் இருப்பதற்காக. மகாராஷ்டிரத்துத் தேவகிரியில் எழுதின புத்தகத்தின் தாளங்கள் 1941 ஜனவரி 15 அன்று ஜெர்மனியின் கோர்லிட்ஸ் போர்க்கைதி முகாமில், குளிரில், கைதிகள் முன்னால் ஒலித்திருக்கின்றன, மெஸ்ஸியானும் அங்கே ஒரு கைதி. இதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

ஜூன் 18

ஸ்கேல் பற்றி. ஈ மேஜர் என்றால் நம் சங்கராபரணச் சுரங்கள், கேட்டதும் வீடு சேர்ந்த உணர்வு வரணும். இங்கே வருகிறது, ஆனால் நேராக வருவதில்லை. மெஸ்ஸியான் அதிகம் கையாண்ட ஒரு சுர வரிசை அரைச்சுரம், முழுச்சுரம், அரைச்சுரம், முழுச்சுரம் என்று மாறி மாறிப் போய் எட்டுச் சுரமாகிறது, சாதாரண காந்தாரமும் அந்தர காந்தாரமும் (காந்தாரத்தின் இரு வகைகள்) அதில் சேர்ந்தே இருக்கின்றன. கர்நாடக இசையின் 72 மேளத்தில் (தாய் ராகங்களில்) எதிலும் அடங்காது, எந்தச் சுரத்தை ஆதாரமாக எடுப்பது என்றும் காது முடிவு செய்யாது. இப்படி மிதக்கும் பகுதிகளுக்கு நடுவே ஈ மேஜர் வந்து உட்காரும்போது கிடைப்பது நிம்மதி. செயலி இதை எப்படிச் சோகம் என்று படித்தது? மெதுவாக இருப்பதெல்லாம் துக்கம் என்று யாரோ அதற்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

இன்னொன்று. எட்டாம் பகுதியும் ஈ மேஜர்தான், ஆனால் பழைய இசை. 1930-ல் ஆர்கனுக்கு எழுதிய ஒரு படைப்பின் பிற்பாதி, அங்கே சி மேஜர். ஐந்தாம் பகுதியும் 1937-ல் பாரிஸ் கண்காட்சிக்கு மின்னிசைக் கருவிகளுக்காக எழுதியது. முகாமில் உட்கார்ந்து இரண்டையும் நினைவிலிருந்து எடுத்து ஒரே ஸ்கேலில் நிறுத்தியிருக்கிறார். அவருக்கு சுரங்கள் நிறங்களாகத் தெரியும் என்பார்கள், ஸ்கேலை மாற்றியது சும்மா இருக்காது.

ஜூன் 21

எட்டாம் பகுதி, ஐடா கவாஃபியன் வயலின். குறித்த வேகம் 36. பல பதிவுகள் இங்கே பொறுமை இழந்து ஓடிவிடுகின்றன, ஓடினால் பியானோவின் குட்டை நெட்டை அடி வெறும் பக்கவாத்தியமாகிவிடும். டாஷி ஓடவில்லை. வயலின் உச்சிக்குப் போகப் போக ஒலி மெலிகிறது, சுருதி இம்மியும் அசையவில்லை. செயலிக்குத் திருத்தம் எழுதி அனுப்பியிருக்கிறேன்: வேகம் 44, மனநிலை துதி. அடுத்தது மெஸ்ஸியானே பியானோ வாசித்த 1956 பதிவு. ஞாயிறன்று பெரியப்பாவும் வருகிறேன் என்றிருக்கிறார், ராகவர்தனத்தைத் தவிலில் தட்டிப் பார்க்கணுமாம்.