எர்த்தைக் கழற்றாமல் ஹம்மை அடக்குவது எப்படி

சொந்தமாக ஆம்ப்ளிஃபயர் கட்டுபவர்களில் பலருக்கு, பாட்டு வரத் தொடங்கும் அன்றே அதனுடன் ஹம் எனப்படும் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலும் வந்து சேர்கிறது. மூன்று பின் பிளக்கில் எர்த் வயரைக் கழற்றிவிட்டால் அந்த இரைச்சல் பல சமயம் நின்றுவிடும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து. பலிக்காத வைத்தியமாக இருந்தால் யாரும் அதை இன்னொருவருக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். பலிப்பதால்தான் அது இன்றுவரை கைமாறிக்கொண்டே இருக்கிறது. எர்த்தை அப்படியே வைத்துக்கொண்டு, இரைச்சலை அது பிறக்கும் இடத்திலேயே தீர்க்க முடியும் என்பதை, எல்எம்3886 என்ற ஆம்ப்ளிஃபயர் சிப்பை வைத்து நான் கட்டிய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயரை எடுத்துக்காட்டாக வைத்து எழுதுகிறேன். மெயின்ஸ் (வீட்டின் 230 வோல்ட் மின்சாரம்) வேலையில் பழக்கமில்லாதவர்கள் அந்தப் பகுதியை மட்டுமாவது தகுதியுள்ள எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே பிளக்கைச் செருக வேண்டும்.

பெட்டிக்குள் இரண்டு வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன. உலோகப் பெட்டி எந்த நிலையிலும் ஆளைத் தாக்கும் மின்னழுத்தத்துக்கு உயராமல் காப்பது ஒன்று. ஒலிச்சுற்று தன்னை அளந்துகொள்வதற்கு அசையாத பூஜ்ய வோல்ட் புள்ளி ஒன்றைத் தருவது மற்றொன்று. முதலாவது, பழுது நேரும் ஒரு கணத்தில் நூறு ஆம்பியருக்கு மேலும் தாங்க வேண்டிய வேலை. இரண்டாவது, மில்லிவோல்ட்டின் பின்னங்களைப் பற்றிக் கவலைப்படும் வேலை. இரண்டும் கடைசியில் ஒரே பெட்டியில் வந்து சேர்வதால், இரண்டாவதன் தொல்லைக்கு முதலாவதன் வயரை வெட்டும் விபரீதம் நடக்கிறது.

முதலாவதன் கணக்கைப் பார்த்துவிடலாம். ஸ்விட்சிலிருந்து ஃபேஸ் வயர் ஒன்று கழன்று பெட்டியைத் தொடுகிறது என்று கொள்வோம். எர்த் சரியாக இருந்து, அந்த முழுச் சுற்றின் மின்தடை 1 ஓம் என்றால், 230 வோல்ட்டில் 230 ஆம்பியர் பாயும். ஃபியூஸ் கண்ணிமைக்கும் நேரத்தில் போய்விடும். எர்த் இல்லையென்றால் ஒன்றுமே நடக்காது. ஆம்ப்ளிஃபயர் வழக்கம்போலப் பாடிக்கொண்டிருக்கும், பெட்டி மட்டும் 230 வோல்ட்டில் காத்திருக்கும். அதைத் தொடுபவரின் உடல் மின்தடையை 2000 ஓம் என்று வைத்துக்கொண்டால் 115 மில்லியாம்பியர் பாயும். 1.6 ஆம்பியர் ஃபியூஸுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. மனித இதயத்தின் துடிப்பைக் குலைக்க இது தாராளமாகப் போதும். உயிர்காப்புக்கென வைக்கப்படும் ஆர்சிசிபிகள் (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் பிரேக்கர்கள்) 30 மில்லியாம்பியரிலேயே இணைப்பைத் துண்டிக்கும்படி அமைக்கப்படுவதற்குக் காரணம் இதுதான். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: எர்த் கழற்றப்பட்ட ஆம்ப்ளிஃபயரின் பழுது அதனோடு நின்றுவிடாது. கருவிகளை இணைக்கும் ஆர்சிஏ ஆடியோ கேபிளின் வெளியுறை வயர் வழியாக அந்த மின்னழுத்தம் இணைந்திருக்கும் எல்லாக் கருவிகளின் பெட்டிகளுக்கும் போய்ச் சேரும்.

கடையில் வாங்கும் சில ஆடியோ கருவிகளில் இரண்டு பின் பிளக்தானே இருக்கிறது என்ற கேள்வி இங்கே எழும். அவை இரட்டைக் காப்பு முறையில் வடிவமைக்கப்பட்டு, உயர் மின்னழுத்தச் சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டவை. சதுரத்துக்குள் சதுரம் என்ற குறியீடு அதைத்தான் சொல்கிறது. மேசையில் வைத்துக் கட்டும் நம்மால் அந்தக் காப்பைச் செய்வதும் சரிபார்ப்பதும் கடினம். ஆகவே, உலோகப் பெட்டியும் எர்த்தும் என்ற வழியைத் தவிர வேறெதையும் வீட்டுக் கட்டுமானத்துக்கு நான் ஒப்புக்கொள்வதில்லை.

எர்த் வயர் பெட்டியைச் சேரும் இடத்துக்கென்று தனியாக ஒரு போல்ட்டு வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரைப் பிடிக்கும் போல்ட்டையோ மூடியின் திருகையோ அதற்குப் பயன்படுத்தக் கூடாது, ஏனெனில் அவற்றை என்றாவது ஒருநாள் யாராவது தளர்த்துவார்கள். போல்ட்டைச் சுற்றிப் பெயின்ட்டையும் அனோடைஸ் படலத்தையும் (அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடுப் பூச்சு) உலோகம் பளிச்சென்று தெரியும்வரை சுரண்டியெடுத்து, பல் வைத்த வாஷர், வயர் அழுத்திப் பொருத்தப்பட்ட ரிங் லக், நட்டு, அதன்மேல் பூட்டுவதற்கு இன்னொரு நட்டு என்று இறுக்க வேண்டும். அனோடைஸ் செய்த அலுமினியத்தின் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தாது என்பதால், பெட்டியின் ஒவ்வொரு தகடும் எர்த்துடன் தொடர்பில் இருக்கிறதா என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மேல்மூடிதான் பெரும்பாலும் விடுபட்டுப்போகும். எர்த் வயரை ஃபேஸ், நியூட்ரல் வயர்களைவிடச் சற்று நீளமாக விட்டுவைத்தால், யாராவது கேபிளை இழுத்துப் பிய்த்தாலும் கடைசியாக அறுவது எர்த்தாகவே இருக்கும்.

மெயின்ஸ் பக்கத்தில் மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஃபியூஸ் உள்ளே பொருந்திய ஐஇசி இன்லெட் (பவர் கேபிளைச் செருகும் சாக்கெட்) வசதியானது. ஃபியூஸ் ஃபேஸில் வர வேண்டும், ஸ்விட்ச் இரு முனைகளையும் துண்டிப்பதாக இருக்க வேண்டும். 200 விஏ (வோல்ட்-ஆம்பியர்) டொராய்டு, அதாவது வளைய வடிவ டிரான்ஸ்ஃபார்மர், முழுச்சுமையில் 0.9 ஆம்பியர் அளவே எடுத்தாலும், ஸ்விட்ச் போடும் கணத்தில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால், ஃபியூஸ் மெதுவாக உருகும் வகையாக இருப்பது அவசியம். சால்டர் செய்த ஒவ்வொரு முனைக்கும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட வேண்டும். டொராய்டின் நடு போல்ட்டு அடித்தகட்டை மட்டுமே தொட வேண்டும். அதன் மேல்முனையும் மூடியைத் தொட்டால், போல்ட்டும் பெட்டியும் சேர்ந்து ஒரு குறுக்குச்சுற்றுச் சுருளாகி டிரான்ஸ்ஃபார்மரைச் சூடாக்கிப் பொசுக்கிவிடும்.

எல்எம்3886 சிப்பைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் உள்ளேயே வெப்பத்துக்கும் மிகைமின்னோட்டத்துக்கும் பாதுகாப்பு இருப்பதுதான். பிளஸ், மைனஸ் 28 வோல்ட்டில் 8 ஓம் ஸ்பீக்கருக்கு 38 வாட் தரும். ஓர் அறைக்கு அதற்குமேல் தேவையில்லை. நடுமுனை கொண்ட 20-0-20 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ், பக்கத்துக்கு 10,000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஆகியவை ஏறத்தாழ அந்த மின்னழுத்தத்தைத் தந்துவிடும். ஒரு சேனல் அதிகபட்சமாக 20 வாட் வெப்பத்தை வெளியிடலாம் என்று கணக்கிட்டு ஹீட் சிங்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்தச் சிப்பின் உலோக முதுகு கொண்ட வகையில் அந்த முதுகு மைனஸ் மின்னழுத்தத்துடன் இணைந்திருக்கும். எனவே எர்த் செய்யப்பட்ட ஹீட் சிங்கில் பொருத்தும்போது இடையில் மைக்கா தகடும் திருகுக்குக் காப்பு வளையமும் போடாவிட்டால், முதல் ஸ்விட்சிலேயே மைனஸ் பக்கம் எர்த்துடன் குறுக்குச்சுற்றாகிவிடும்.

இனி இரைச்சலுக்கு வருவோம். பவர் சப்ளையின் மின்தேக்கிகள் சீராக மின்சாரம் எடுப்பவை அல்ல. அலையின் உச்சியில் மட்டும் சிறு துடிப்புகளாக எடுப்பவை. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 துடிப்பு, 60 ஹெர்ட்ஸில் 120. பாட்டு எதுவும் ஓடாமல் இரண்டு சிப்களும் சேர்ந்து 0.1 ஆம்பியர் மட்டுமே எடுக்கும் நிலையிலும், துடிப்பின் உச்சி 1 ஆம்பியரைத் தொடக்கூடும். 1 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் 10 சென்டிமீட்டருக்கு 1.7 மில்லிஓம் மின்தடை கொண்டது. அதன் வழியே அந்தத் துடிப்பு ஓடினால் வயரின் இரு முனைகளுக்கும் இடையே 1.7 மில்லிவோல்ட் உண்டாகும். உள்ளீட்டின் பூஜ்ய வோல்ட்டை ஒரு முனையிலும் ஸ்பீக்கரின் பூஜ்ய வோல்ட்டை மறுமுனையிலும் கட்டியிருந்தால், இந்த 1.7 மில்லிவோல்ட்டைச் சிப் பாட்டு என்றே நம்பி 21 மடங்காக்கி 36 மில்லிவோல்ட்டாக ஸ்பீக்கரில் தரும். அமைதியான அறையில் அது தெளிவாகக் கேட்கும். எர்த் வயருக்கும் இந்த வகை இரைச்சலுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெட்டிக்குள் பத்து சென்டிமீட்டர் செம்பின் வேலை அது.

எல்லா வயர்களையும் ஒரே புள்ளியில் கொண்டுவந்து கட்டினால் போதும் என்று பொதுவாகச் சொல்லப்படும் அறிவுரை பாதிதான் சரி. அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. டிரான்ஸ்ஃபார்மரின் நடுமுனை இரண்டு மின்தேக்கிகளும் சந்திக்கும் இடத்துக்கு நேராக வர வேண்டும். துடிப்புகள் அந்தப் பாதையில் மட்டுமே ஓடி அங்கேயே முடிந்துவிட வேண்டும். அந்தச் சந்திப்பிலிருந்து தடித்த, குறுகிய இணைப்பு ஒன்று புறப்பட்டுப் பொதுப்புள்ளியை அடைய வேண்டும். ஸ்பீக்கரிலிருந்து திரும்பும் வயர், வெளியீட்டிலுள்ள 10 ஓம், 100 நானோஃபாரட் சோபெல் சுற்று (சிப் தானாக அலைவுறாமல் தடுப்பது), சிப்பின் அருகிலுள்ள சிறு மின்தேக்கிகள் ஆகியவற்றின் தடித்த மின்னோட்டங்கள் பொதுப்புள்ளியில் மின்தேக்கிகளை ஒட்டிய பக்கமாக வந்து சேரலாம். உள்ளீட்டின் வயர் எல்லாவற்றுக்கும் அப்பால் கடைசியாக இணைய வேண்டும். ஆற்று நீரை மேல்துறையில் முகந்துகொண்டு கீழ்த்துறையில் துணி துவைக்கும் ஒழுங்குதான் இது. கூடவே, போகும் வயரையும் திரும்பும் வயரையும் எப்போதும் ஜோடியாக முறுக்கியே கொண்டுசெல்ல வேண்டும், ஏனெனில் அவற்றுக்கிடையே விரியும் பரப்புதான் காந்தப்புலத்தை வாங்கும் ஆன்டெனாவாகிறது.

ஸ்டீரியோவில் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. இடது, வலது சேனல்களின் பூஜ்ய வோல்ட் பவர் சப்ளையில் ஒருமுறை சந்திக்கிறது. பாடும் கருவிக்குள் ஆர்சிஏ கேபிள்கள் வழியாக மறுமுறை சந்திக்கிறது. இப்படிப் பெட்டிக்குள்ளேயே ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. ஒவ்வொரு சேனலிலும் உள்ளீட்டுப் பூஜ்ய வோல்ட்டுக்கும் பவர் பூஜ்ய வோல்ட்டுக்கும் இடையே 10 ஓம் மின்தடை ஒன்றை வைத்தால், வளையத்தில் சுற்றும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும்; சிக்னலுக்கு அதனால் பாதிப்பில்லை. ஆர்சிஏ சாக்கெட்டுகள் பெட்டியிலிருந்து காப்பு வளையத்தால் பிரிக்கப்பட்டிருக்க வேண்டும். வானொலி அலைகளை வெளியேற்ற, அவற்றின் வெளிவளையத்திலிருந்து பெட்டிக்கு 10 நானோஃபாரட் செராமிக் மின்தேக்கி ஒன்று போதும்.

அடுத்தது, இந்தப் பூஜ்ய வோல்ட்டுக்கும் எர்த் செய்யப்பட்ட பெட்டிக்கும் என்ன உறவு என்பது. எதனுடனும் இணைக்காமல் மிதக்கவிடலாமே என்று தோன்றும், கூடாது. டிரான்ஸ்ஃபார்மரின் உள்ளே முதன்மைச் சுருளின் காப்பு கெட்டு இரண்டாம் சுருளைத் தொட்டால், பெட்டி பத்திரமாகவே இருக்கும், ஆனால் ஆர்சிஏ முனையும் ஸ்பீக்கர் முனையும் 230 வோல்ட்டில் நிற்கும். ஆகவே இணைப்பு கட்டாயம் வேண்டும். அதை நேரடியாகவே கட்டிப் பார்ப்பதுதான் என் முதல் பரிந்துரை. பேட்டரியில் ஓடும் கருவியையோ இரண்டு பின் கருவியையோ மட்டும் இணைப்பவருக்கு அதற்குமேல் எதுவும் தேவைப்படாது. எர்த் உள்ள கணினி போன்ற ஒன்றை இணைக்கும்போது, இரு கருவிகளின் எர்த் வயர்களும் ஆர்சிஏ கேபிளும் சேர்ந்து பெரிய வளையமாகி ஹம் வருமானால், அப்போது பூஜ்ய வோல்ட்டுக்கும் பெட்டிக்கும் இடையே மட்டும் ஒரு தடுப்பை வைக்கலாம்.

அந்தத் தடுப்பில் 10 ஓம் மின்தடை, 100 நானோஃபாரட் மின்தேக்கி, 35 ஆம்பியர் பிரிட்ஜ் ரெக்டிஃபயர் ஆகிய மூன்றும் பக்க இணைப்பில் இருக்கும். பிரிட்ஜின் பிளஸ், மைனஸ் முனைகளை ஒன்றோடொன்று இணைத்துவிட்டு, அதன் இரண்டு ஏசி முனைகளைப் பூஜ்ய வோல்ட்டிலும் பெட்டியிலும் கட்ட வேண்டும். சாதாரண நிலையில் வளையத்தில் வரும் சில மில்லிவோல்ட்டுக்கு டயோடுகள் திறக்காது, 10 ஓம் அந்த மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும், ஹம் அடங்கிவிடும். பழுது நேர்ந்தால் ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேலேயே எந்தத் திசையிலும் இரண்டு டயோடுகள் திறந்துகொண்டு, ஃபியூஸ் போகும்வரை முழு மின்னோட்டத்தையும் சுமக்கும். மின்தடையை மட்டும் வைத்து டயோடுகளை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். அந்த மின்தடை பழுது நேரத்தில் முதலில் எரிந்துபோய்ப் பாதையையே துண்டித்துவிடும். பிரிட்ஜைப் பெட்டியில் திருகிப் பொருத்தி, மெயின்ஸ் எர்த்துக்கு நிகரான தடித்த வயரால் இணைக்க வேண்டும். சர்க்யூட் போர்டின் (பிசிபி) மெல்லிய தடத்தை நம்பக் கூடாது. இத்தனைக்கும் இடையில், பிளக்கிலிருந்து பெட்டிக்கு வரும் எர்த் வயர் நேரடியாக, இடையில் எதுவுமின்றி அப்படியே இருக்கிறது.

ஸ்விட்ச் போடும் முன், பிளக்கின் எர்த் பின்னிலிருந்து பெட்டியின் ஒவ்வொரு தகடுக்கும் மின்தடையை அளக்க வேண்டும். மல்டிமீட்டரின் வயர்களே சில பத்தில் ஒரு பங்கு ஓம் காட்டும். அதைக் கழித்தபின் மீதி 0.1 ஓமை ஒட்டியிருக்க வேண்டும். காப்பின் மின்தடையை அளக்கும் 500 வோல்ட் மெகர் கிடைத்தால், பிளக்கைச் செருகாமல் ஸ்விட்சை மட்டும் ஆன் நிலையில் வைத்து, ஃபேஸையும் நியூட்ரலையும் சேர்த்துக்கொண்டு எர்த்துடன் அளந்து, 1 மெகாஓமுக்கு மேல் காட்டுகிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. முதல் மின்சாரம் 60 அல்லது 100 வாட் இழைபல்பு தொடர் இணைப்பில் உள்ள சீரியஸ் போர்டு வழியாகவே போகட்டும். பல்பு ஒருகணம் பிரகாசித்து மங்கினால் சரி; மங்காமல் எரிந்தால் உள்ளே எங்கோ குறுக்குச்சுற்று இருக்கிறது. ஸ்பீக்கரை இணைக்கும் முன் வெளியீட்டில் டிசி மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். மின்தேக்கிகளுக்குக் குறுக்கே 2.2 கிலோஓம், 2 வாட் மின்தடைகளைப் போட்டிருந்தால், அணைத்த இரண்டு நிமிடங்களில் உள்ளே கைவைக்கலாம். அப்போதும் மீட்டரால் ஒருமுறை பார்த்த பிறகே.

இத்தனைக்குப் பிறகும் இரைச்சல் இருந்தால், உள்ளீட்டில் குறுக்குச்சுற்று பிளக்கை (இரு முனைகளும் ஒன்றாக இணைக்கப்பட்ட ஆர்சிஏ பிளக்) செருகிக் கேளுங்கள். அப்போதும் கரகரப்பான 100 ஹெர்ட்ஸ் ஒலி கேட்டால் துடிப்புகளின் பாதையில் பிழை இருக்கிறது. வழுவழுப்பான 50 ஹெர்ட்ஸ் கேட்டால் டொராய்டின் காந்தப்புலம் உள்ளீட்டு வயரைத் தொடுகிறது, அதைச் சற்றே சுழற்றிப் பார்த்தால் ஒரு கோணத்தில் அடங்கும். அந்தக் குறுக்குச்சுற்று பிளக் இருக்கும்போது அமைதியாக இருந்து, கருவியை இணைத்ததும் ஹம் வந்தால் சிக்கல் வெளியே இருக்கிறது. எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகி, கேபிள்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டி, வளையத்தின் பரப்பைச் சுருக்க வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஆர்சிஏ பாதையில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைக்கலாம். அது சிக்னலை மட்டும் காந்தப்புலம் வழியாகக் கடத்தி, இரு கருவிகளின் பூஜ்ய வோல்ட்டையும் பிரித்துவிடும். மலிவானவை அடிக்குரலில் திரிபு சேர்க்கும் என்பதால் நான் அதைக் கடைசி வழியாகவே வைத்திருக்கிறேன்.