உங்கள் ஃபைலை முதலில் திறப்பவர்

டிசைன் படிப்பவர்களுக்குக் காலையில் ஸ்டுடியோ, மதியம் விமர்சனம். ஜூரிக்கு, அதாவது படைப்பை மதிப்பிடும் நாளுக்கு, முந்தின நாள் ராத்திரி பதினொரு மணிக்கு பிரஸ்ஸுக்கு ஃபைல் போகும். எம்பதி, அதாவது அடுத்தவர் நிலையில் நின்று பார்ப்பது, என்று வகுப்பில் பேசுவதெல்லாம் பயனரைப் பற்றித்தான். ஆனால் அந்த ஃபைலை முதலில் திறப்பவர் பிரஸ்ஸில் பிளேட் (அச்சுத் தகடு) போடுகிறவர். நீங்கள் செய்யாமல் விட்டதை நைட் ஷிஃப்டில் அவர்தான் செய்தாக வேண்டும்.

டிசைனைத் தொடங்கும்போதே பிரஸ்ஸுக்கு போன் போட்டு என்ன பேப்பர், எந்த ஷீட் சைஸ் என்று கேளுங்கள். 23×36 அங்குல ஷீட்டைப் பாதியாக்கினால் 18×23. அதாவது 457×584 மி.மீ. நான்கு ஏ4 பக்கம் வைக்க 594 மி.மீ. நீளம் வேண்டும், அடங்காது. 25×36 ஷீட்டில் பாதி 18×25; சுற்றிலும் 3 மி.மீ. பிளீட் (வெட்டிப் போகும் ஓரம்) விட்டாலும், ஷீட்டைப் பிடித்து இழுக்கும் கிரிப்பருக்கு இடம் ஒதுக்கினாலும் அடங்கும். கிடைப்பது 23×36 மட்டும் என்றால் பக்க அளவில் 8.5×11 அங்குலத்துக்கு வாருங்கள். இதைக் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தால் பிளேட் போடுகிறவரேதான் டிசைனைச் சுருக்குவார், ஓரத்தில் எழுத்து வெட்டுப்படும்.

அடுத்தது கருப்பு. திரைக்கான ஆர்ஜிபி-யில் வைத்த கருப்பு எழுத்து, அச்சுக்கான சிஎம்ஒய்கே-க்கு (சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு) மாறும்போது நான்கு மையும் சேர்ந்த கருப்பாகிவிடும். 8 பாயின்ட் எழுத்தில் ரெஜிஸ்டர், அதாவது மைகள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவது, இம்மி விலகினாலும் ஓரமெல்லாம் நிறம் கசியும். எழுத்துக்கு 100 சதவீதம் கருப்பு மட்டும், அதுவும் ஓவர்பிரின்ட்டில் (அடியில் உள்ள நிறத்தின் மேலேயே அச்சாகும்படி). பெரிய கருப்புப் பரப்பில் நான்கு மைகளின் சதவீதங்களைக் கூட்டினால் 300 தாண்டக் கூடாது. பூச்சில்லாத மேப்லித்தோ பேப்பர் என்றால் இன்னும் குறைவு. மீறினால் மை காயாமல் அடுத்த ஷீட்டின் முதுகில் ஒட்டும்.

தமிழ் எழுத்தில் தனித் தலைவலி. பக்கம் அமைக்கும் இன்டிசைனில், தமிழ் எழுத்தைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போஸரைத் தேர்வு செய்யாவிட்டால் ‘கொ’வின் கொம்பு இடம் மாறி நிற்கும். பாமினியில் அடித்ததை அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டரில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பை. எழுத்தை அவுட்லைன் (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவம்) ஆக்கி அனுப்புங்கள். திருத்தத்துக்கு எழுத்து உயிரோடு இருக்கும் ஒரு பிரதியையும் வைத்திருங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். பெயரில் அளவு, பக்க எண்ணிக்கை, தேதி இருக்கட்டும்; ‘ஃபைனல் நியூ 2’ யாருக்கும் உதவாது.

மூன்றாக மடிக்கும் ஏ4 என்றால் 99, 99, 99 மி.மீ. என்று பிரிக்காதீர்கள். உள்ளே மடங்கும் பகுதி 97, மற்றவை 100. பின்பக்கத்தில் இந்த வரிசை தலைகீழாகும். அங்கேதான் பெரும்பாலும் கோட்டை விடுகிறார்கள். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை என்றால் மடிப்புக்கு முன் கிரீசிங் (மடிப்புத் தடம் அழுத்துவது) வேண்டும், பேப்பர் நாரும் மடிப்பின் போக்கிலேயே ஓட வேண்டும். இல்லையென்றால் மடித்த இடத்தில் மை வெடிக்கும்.

ஐடியா வரவில்லை என்று இணையத்தில் மணிக்கணக்காக உருட்டுவதைவிட பத்து மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள். சிவகாசி காலண்டரை அதன் அடியில் வைத்தால் சியான் 15 டிகிரி, கருப்பு 45, மெஜந்தா 75 என்று சாய்ந்த புள்ளிகள் பூப்போல வட்டம் கட்டியிருக்கும். பழைய தீப்பெட்டி லேபிள்களில் இரண்டு மை மேலேறி மூன்றாவது நிறம் பிறந்த இடங்களைப் பாருங்கள். பிசகிய ரெஜிஸ்டர் கூட அழகாகத்தான் இருக்கும். ஒரு லேபிளை இரண்டே நிறத்தில் திரும்ப வரைந்து பார்ப்பது நல்ல பயிற்சி.

மெஷின் ஓடும்போது பக்கத்தில் நிற்க வாய்த்தால், முதல் ஷீட்டுகளிலேயே குறையைச் சொல்லிவிடுங்கள். ‘அண்ணே, இந்த முகம் மட்டும் கொஞ்சம் சிவப்பா’ என்று கேட்பது சுலபம். மெஷினில் மையைக் கூட்டிக் குறைக்கும் மை சாவிகள் ஷீட் ஓடும் திசையில் பட்டை பட்டையாக வேலை செய்பவை. அந்த முகத்துக்கு மெஜந்தா கூட்டினால் அதே பட்டையில் மேலும் கீழும் உள்ள எல்லாப் படங்களும் சிவக்கும். மெஷின் ஓட்டுபவர் தயங்குவது அதனால்தான்.