ஏறி இறங்காத சத்தம்: ஒரு வாட்டர்-கூல்டு கணினியின் நாட்குறிப்பு

ஜூன் 7, சனி

நேற்று ராத்திரி பதிவு செய்த நாற்பது நிமிஷக் குரலில் பதினோரு நிமிஷத்தைத் தூக்கிப் போட வேண்டியதாகிவிட்டது. காரணம் கணினியின் ஃபேன். சத்தம் அதிகம் என்பதுகூடக் குறையில்லை. ஒரே சுருதியில் ஓடும் இரைச்சலாக இருந்தால், பேச்சில்லாத இடத்தில் இரண்டு விநாடியை மாதிரியாக எடுத்துக் கொடுத்தால் போதும், மென்பொருள் அதை மொத்தப் பதிவிலிருந்தும் கழித்துவிடும். ஏறி இறங்குகிற சத்தத்திடம் அந்த வித்தை பலிக்காது. ஒரு கோப்பைத் திறந்தாலே பிராசஸர் சூடு சட்டென்று முப்பது டிகிரி தாவுகிறது. ஃபேனும் கூடவே உறுமிவிட்டு அடுத்த மூச்சில் அடங்குகிறது. அந்த உறுமல் ஒவ்வொன்றும் ஒரு வாக்கியத்தின் நடுவில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ரொம்ப நாளாக மனதில் இருந்ததை இன்று முடிவு செய்துவிட்டேன். இந்தக் கணினியைப் பிரித்து, பிராசஸருக்கும் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் சேர்த்து நானே ஒரு வாட்டர் லூப், அதாவது நீரைச் சுற்றி ஓடவிட்டுச் சூட்டை வெளியேற்றும் அமைப்பு, கட்டப்போகிறேன்.

ராத்திரியே கணக்கும் போட்டுப் பார்த்தேன். என் பிராசஸர் ரைசன் 9 7950எக்ஸ், முழு வேலையில் 230 வாட் வரை இழுக்கும். ஆர்டிஎக்ஸ் 3080 கார்டு 320 வாட். ஆக 550. நீரின் சூட்டைக் காற்றில் விடும் ரேடியேட்டரில், ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேன் அளவுக்கு சுமார் 100 வாட் என்பது லூப் கட்டுகிறவர்கள் கைக்கணக்காக வைத்திருப்பது. அப்படியானால் மூன்று ஃபேன் நீளமுள்ள 360 ரேடியேட்டர் இரண்டு, ஃபேன் ஆறு. ஃபேன்களை மெதுவாகவே ஓட்டலாம்.

ஜூன் 11, புதன்

பாகங்கள் வரத் தொடங்கிவிட்டன. பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது உலோகம் என்ன என்பதைத்தான். ரேடியேட்டரின் உள் குழாய்கள் செம்பு, இரு முனைத் தொட்டிகளும் பித்தளை. பிராசஸர்மேலும் கார்டின்மேலும் உட்கார்ந்து, உள்ளே நீர் ஓடும் வாட்டர் பிளாக்குகளின் அடித்தட்டு நிக்கல் பூசிய செம்பு. குழாயை மாட்டும் ஃபிட்டிங் எல்லாம் பித்தளைமேல் பூச்சு. அலுமினியம் எங்கும் இல்லை. ஒரே நீரில் செம்பும் அலுமினியமும் சேர்ந்து நின்றால் அது ஒரு பேட்டரி மாதிரிதான். அலுமினியம் மெல்ல மெல்லக் கரைந்து, அந்தக் கசடு பிளாக்கின் நுண்ணிய பள்ளங்களில் போய் அடைக்கும். மலிவாகக் கிடைத்தது என்று ஒரே ஒரு அலுமினிய ரேடியேட்டரைச் சேர்த்தாலும் மொத்த லூப்புக்கும் அந்தக் கதிதான்.

தம்பி பிளாக்கைக் கையில் வைத்துக்கொண்டு, "அக்கா, கரண்டு ஓடுற இடத்துல தண்ணிய விடுறதே தப்பில்லையா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. ஆனால் பெரிய கணினிகளுக்கு இது பழைய பழக்கம். ஐபிஎம்மின் சிஸ்டம்/360 மாடல் 91 1960-களிலேயே நீரால் குளிர்விக்கப்பட்டது. அதே நிறுவனம் 1980-ல் அறிவித்த 3081 கணினியில் ஒவ்வொரு சிப்பின் தலையிலும் ஸ்பிரிங் வைத்த அலுமினியத் தண்டு ஒன்று அழுத்திக்கொண்டிருக்கும். இடுக்கில் ஹீலியம் வாயு, அதற்கு மேலே குளிர்ந்த நீர் ஓடும் தட்டு. சிப்பை நீர் தொடவே தொடாது. சூடு உலோகத்துக்குப் போய், உலோகத்திலிருந்து நீருக்குப் போகும். என் மேஜையில் இருக்கும் பிளாக்கும் அதே வழிதான் என்று விளக்கினேன். கேட்டுவிட்டு பிளாக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

ஜூன் 14, சனி

இன்று முழுக்க ரேடியேட்டர் கழுவினேன். பற்றவைக்கும்போது பயன்படுத்திய ஃபிளக்ஸ் என்ற பசை உள்ளேயே படிந்திருக்கும். வெந்நீரைப் பாதி ஊற்றி, இரண்டு வாயையும் அடைத்து, இரண்டு நிமிஷம் குலுக்கி, வெள்ளைக் கிண்ணத்தில் ஊற்றினேன். முதல் முறை லேசான மஞ்சள், அடியில் மிளிரும் துகள்கள். நான்காவது முறை ஒன்றிரண்டு துகள். ஏழாவது முறை கிண்ணத்தின் அடி தெளிவாகத் தெரிந்தது. பிறகு டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசி, தலைகீழாகச் சாய்த்து வைத்தேன். புதுப் பொருள்தானே என்று இதைத் தாண்டிப் போகிறவர்கள் மூன்று மாதத்தில் பிளாக்கைக் கழற்றிச் சுரண்டுவார்கள்.

மாலையில் கார்டின் ஃபேன் கூட்டைக் கழற்றினேன். சிப்பின் சூட்டைக் கடத்தும் பழைய பேஸ்ட் காய்ந்து செதில் செதிலாக வந்தது. மெமரி சிப்புகளுக்கும் மின்வழங்கல் பகுதிக்கும் சூடு கடத்தும் மெத்தையான தெர்மல் பேட் புதிதாக வெட்டி ஒட்டி, வாட்டர் பிளாக்கை மூடி, திருகுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்கினேன்.

ஜூன் 18, புதன்

வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. பம்ப்பையும், நீர் நிற்கும் தொட்டியான ரிசர்வாயரையும் பொருத்தினேன். பம்ப் டி5 வகை. அடியில் ரப்பர் மெத்தை வைத்தேன், இல்லாவிட்டால் அதன் ரீங்காரம் கேபினெட் தகட்டில் ஏறிக்கொள்ளும்.

பிராசஸருக்கும் கார்டுக்கும் நடுவில் ஒரு ரேடியேட்டரை வைக்க வேண்டுமா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நிமிஷத்துக்கு நாலு லிட்டர் நீர் ஓடுகிறது, 550 வாட்டும் அதில் ஏறுகிறது என்று வைத்தால் நீர் சூடாவது மொத்தமே சுமார் 2 டிகிரி. இந்த 2 டிகிரிக்காகக் குழாயைச் சுற்றி வளைப்பதில் அர்த்தமில்லை. ரிசர்வாயரிலிருந்து நீர் தானாக இறங்கி பம்ப்புக்கு வர வேண்டும், அந்த ஒரு வரிசை மட்டும் மாறக்கூடாது. மற்றதெல்லாம் எது குட்டையான வழியோ அது.

ஜூன் 22, ஞாயிறு

இரண்டு நாளாகக் குழாய் வளைத்தேன். ஆறு குழாய் தேவைப்பட்டது, நான்கு வீணானது.

பிஇடிஜி என்ற பிளாஸ்டிக் குழாய், வெளிவிட்டம் 14 மில்லிமீட்டர். உள்ளே சிலிக்கோன் ரப்பர் கயிற்றை நுழைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வளைவில் குழாய் சப்பிப்போகும். கயிறு சிக்காமல் வர ஒரு சொட்டு சோப்புத் தண்ணீர். ஹீட் கன்னிலிருந்து ஒரு சாண் தள்ளிப் பிடித்து உருட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் ஒரு நிமிஷம் எதுவும் நடக்காது, இன்னும் கிட்டே கொண்டுபோகலாம் என்று கை துறுதுறுக்கும். அங்கேதான் முதல் இரண்டு குழாயும் போயின. மேல்தோலில் ஊசிமுனை அளவு குமிழிகள் வரிசையாகக் கிளம்பிவிட்டன. மூன்றாவதில் பொறுமையாக இருந்தேன். ஒரு கட்டத்தில் விரலுக்குத் தெரிகிறது. அதுவரை விறைப்பாகச் சுழன்ற குழாய், நனைந்த கயிறு மாதிரி நடுவில் தொய்கிறது. அந்த நேரம் வெப்பத்தை விட்டு எடுத்து, அச்சில் வைத்து, ஒரே இழுப்பில் வளைத்து, ஆறும்வரை அசையாமல் பிடிக்க வேண்டும். கொஞ்சம் முன்னாலேயே கையை எடுத்தால் நாலைந்து டிகிரி திரும்ப நிமிர்ந்துவிடும். நான்காவது குழாயில் அதுதான் நடந்தது.

வெட்டிய முனையை அரம் போட்டு, வெளி விளிம்பைச் சரிவாகச் சீவிவிட வேண்டும். நகத்தை ஓட்டிப் பார்த்தால் எங்கும் தடுக்கக் கூடாது. ஐந்து குழாயில் இதை ஒழுங்காகச் செய்தேன். கடைசிக் குழாய் ராத்திரி பதினொன்றரைக்கு வெட்டியது.

ஜூன் 28, சனி

காற்றழுத்தச் சோதனை. நீர் ஊற்றுவதற்கு முன் லூப்பில் காற்றை அடைத்து, அழுத்தம் காட்டும் முள் இறங்குகிறதா என்று பார்ப்பது. கைப்பம்ப்பால் 0.5 பார் ஏற்றினேன். பதினைந்து நிமிஷத்தில் முள் 0.41.

வயிறு கலங்கியது. ஆனால் இதற்காகத்தானே இந்தச் சோதனை. காற்று கசிந்தால் நஷ்டம் ஏதுமில்லை. நீர் கசிந்திருந்தால் கார்டே போயிருக்கும்.

லூப்பைத் துண்டு துண்டாகப் பிரித்துத் தேடினோம். ஒரு குழாயை எடுத்து, அதன் இரு பக்க வாயையும் அடைப்பானால் மூடி, மீதியை மறுபடி சோதிப்பது. தம்பி முள்ளின்மேல் டார்ச் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை எண் சொல்லிக்கொண்டே இருந்தான். மேல் ரேடியேட்டர் பக்கம் நிற்கிறது. பிராசஸர் பக்கம் நிற்கிறது. மூன்றாவது மணி நேரத்தில், கார்டிலிருந்து வெளியே போகும் குழாயை எடுத்ததும் முள் அசையாமல் நின்றது. "அக்கா, இதுதான், அரை மணி நேரமா அப்படியே இருக்கு" என்றான்.

அந்தக் குழாயின் ஃபிட்டிங்குக்குள் கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை ஊசியால் நெம்பி எடுத்தேன். விளக்கடியில் விரல் நுனியில் வைத்து லேசாக இழுத்தபோது பிறைபோல ஒரு கீறல் திறந்து மூடியது. தலைமுடி அளவுகூட இருக்காது. குழாய் முனையில் நகத்தை ஓட்டினேன், ஒரு இடத்தில் பிசிர் தடுக்கியது. ராத்திரி பதினொன்றரைக்கு வெட்டிய குழாயேதான். முனையை மறுபடி சீவி, உதிரி ஓ-ரிங்கை ஒரு சொட்டு நீரில் நனைத்துப் போட்டு, எல்லாவற்றையும் மாட்டினேன். 0.5. ஒரு மணி நேரம் கழித்தும் 0.5.

ஜூன் 29, ஞாயிறு

நீர் ஊற்றினேன். நிறம் எதுவும் சேர்க்கவில்லை. பால் மாதிரி மங்கலாக இருக்கும் திரவங்களில் மிதக்கும் துகள்கள் நாளடைவில் பிளாக்கின் பள்ளங்களில் படியும். எனக்கு டிஸ்டில்டு வாட்டரும், அரிப்பையும் பாசியையும் தடுக்கும் கலவையும் போதும்.

மதர்போர்டுக்கும் கார்டுக்கும் மின்சாரம் போகக் கூடாது, பம்ப் மட்டும் ஓட வேண்டும். மின்வழங்கியின் 24 பின் இணைப்பை போர்டிலிருந்து எடுத்துவிட்டு, அதன் 16-ஆம் பின்னையும் தரைப் பின்னையும் இணைக்கும் சிறு அடைப்பானைச் செருகினால் போதும். ரிசர்வாயர் நிறைய ஊற்றி, சுவிட்சைப் போட்டு, நீர் இறங்கியதும் உடனே அணைத்து, மறுபடி ஊற்ற வேண்டும். பம்ப்பின் அச்சுக்கு மசகும் குளிர்ச்சியும் அந்த நீர்தான், ஒரு கணமும் வெறுமையாக ஓட விடக்கூடாது. ஐந்தாவது தடவை லூப் முழுக்க நீர் சுற்றியது. கேபினெட்டை இப்படியும் அப்படியும் சாய்த்ததும் ரேடியேட்டரில் ஒளிந்திருந்த காற்று கலகலவென்று ரிசர்வாயருக்கு வந்து சேர்ந்தது.

ஒவ்வொரு ஃபிட்டிங்குக்குக் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்திருக்கிறேன். இருபத்து நாலு மணி நேரம் இப்படியே ஓடட்டும்.

ஜூலை 1, செவ்வாய்

காகிதம் எல்லாம் காய்ந்தே இருக்கிறது. போர்டை இணைத்தேன். கணினி முதல் தடவையிலேயே எழுந்துவிட்டது.

ஜூலை 5, சனி

முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓட்டினேன். அறை 28, நீர் 38. நல்ல எண்கள்.

பிராசஸர் 91. காற்றுக் கூலரில் 95 இருந்தது. இவ்வளவு பாடுபட்டு நாலு டிகிரியா என்று தம்பிக்கு ஏமாற்றம். எனக்கு இல்லை. இந்த பிராசஸர் 95-ஐத் தொடும்வரை வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகும்படி அமைக்கப்பட்டது. குளிர்விப்பு கூடினால் அதை வேகமாக மாற்றிக்கொள்ளும். தவிர, சூடு கிளம்புவது விரல் நகம் அளவு சிப்பிலிருந்து, அதன் மேலே தடித்த உலோக மூடி. அந்த இடுக்கைத் தாண்டி வரும் வரையில் நீர் எவ்வளவு குளிர்ந்திருந்தாலும் பயனில்லை. மின்சாரத்தைக் குறைவாக இழுக்கும் ஈகோ மோடில், 105 வாட் நிலைக்கு மாற்றினேன். சூடு 66-க்கு வந்துவிட்டது. என் வேலையில் வேக வித்தியாசம் தெரியவில்லை. இனி அப்படித்தான்.

கார்டுதான் கவலை. சராசரி 69, ஹாட்ஸ்பாட் (சிப்பில் மிகச் சூடான இடம்) 97. இடைவெளி 28 டிகிரி என்றால் பிளாக் சிப்பின்மேல் சரியாக உட்காரவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

லூப்பின் மிகத் தாழ்ந்த இடத்தில் வடிகால் வால்வு வைத்திருந்தேன். இன்று அது என் நாளைக் காப்பாற்றியது. பத்து நிமிஷத்தில் நீர் முழுக்க இறங்கிவிட்டது. பிளாக்கைக் கழற்றியதும் காரணம் கண்ணெதிரே. மெமரி சிப்புகளுக்கு 1 மில்லிமீட்டர் பேட், மின்வழங்கல் பகுதிக்கு 1.5 என்கிறது கையேடு. நான் மாற்றி ஒட்டியிருக்கிறேன். அந்த அரை மில்லிமீட்டர் பிளாக்கைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. சிப்பின் ஒரு மூலையில் பேஸ்ட் நசுங்காமல் திட்டாக அப்படியே இருந்தது.

மாற்றி ஒட்டி, மறுபடி காற்றுச் சோதனை, மறுபடி நீர், மறுபடி காகிதம்.

ஜூலை 9, புதன்

கார்டு இப்போது 50, ஹாட்ஸ்பாட் 61.

இத்தனை நாள் வேலையும் எதற்காகவோ அது இன்றைக்குத்தான் கைக்கு வந்தது. ஃபேன்கள் இதுவரை பிராசஸர் சூட்டைப் பார்த்துத்தான் ஓடின. இன்று அதை நீரின் சூட்டுக்கு மாற்றினேன். ரேடியேட்டர் வாயில் ஒரு சென்சார் அடைப்பான் திருகியிருக்கிறது, அதன் ஒயர் மதர்போர்டின் இரண்டு பின் இணைப்புக்குப் போகிறது. பிராசஸர் ஒரு விநாடிக்கு எகிறிக் குதித்தாலும், லூப்பிலிருக்கும் ஒரு லிட்டர் நீரை அது அசைப்பதில்லை. ஒரு லிட்டரை ஒரு டிகிரி ஏற்ற சுமார் 4,200 ஜூல் வேண்டும். கோப்பு திறக்கும் அந்தச் சிறு துள்ளல் எம்மாத்திரம்? நீர் 34-ஐத் தாண்டும்வரை ஃபேன் நிமிஷத்துக்கு 600 சுழற்சி, 40 வந்தால் 1,000. நடுவில் நேர்கோடு. முழு வேலையைக் கொடுத்தாலும் நீர் ஏறி நிலைக்கப் பத்து நிமிஷத்துக்கு மேல் ஆகிறது. ஃபேன் வேகம் மாறுவதே காதுக்குத் தெரியவில்லை.

பம்ப்பை முழு வேகத்தில் விட்டால் மெல்லிய ரீங்காரம் மைக்கில் விழுகிறது. 55 சதவீதத்தில் அது மறைந்துவிட்டது. நீரோட்டம் குறைந்தும் சூட்டில் ஒரு டிகிரிகூட மாறவில்லை.

ஜூலை 12, சனி

ஒரு மணி நேரம் தொடர்ந்து பதிவு செய்தேன். பின்னணியில் கணினிக்குக் கனமான வேலையான வீடியோ ரெண்டரும் ஓடியது, வேண்டுமென்றேதான். பதிவைத் திறந்து ஒலியின் அலைவடிவப் படத்தைப் பார்த்தேன். முன்பு மலைத்தொடர் மாதிரி இருந்த அடி இரைச்சல், தொடக்கத்திலிருந்து கடைசிவரை ஒரே பட்டையாகக் கிடந்தது. இரண்டு விநாடியை மாதிரியாகக் கொடுத்தேன். மொத்தமும் கழிந்துபோனது. ஒரு வாக்கியத்தையும் வெட்டவில்லை. தம்பிக்கு ஹெட்ஃபோனைக் கொடுத்தேன். "ஓடுதா அக்கா இது?" என்று கேபினெட்டைத் தொட்டுப் பார்த்தான்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ரிசர்வாயரில் நீர் மட்டம் அரை விரல்கடை இறங்கியிருக்கிறது. டார்ச் அடித்து எல்லா ஃபிட்டிங்கையும் பார்த்தேன், எங்கும் ஈரமில்லை. ரேடியேட்டரில் தங்கியிருந்த காற்று வெளியேறினால் மட்டம் இப்படித்தான் இறங்கும். மேல் மூடியைத் திறந்து, அதே கலவையில் கொஞ்சம் ஊற்றி, கண்ணாடியில் நீர் நிற்கும் இடத்தில் மெல்லிய டேப் ஒட்டி, இன்றைய தேதியை எழுதினேன்.