வாட்ஸ்அப் படத்தை ஃபிளெக்ஸுக்கு ஏற்றும்போது

மதுரைப் பக்கம் காதணி விழா ஃபிளெக்ஸ் என்றால் நடுவில் பிள்ளை, இரண்டு பக்கமும் தாய்மாமன் வகையறா, கீழே வரிசையாகச் சொந்தபந்தம். முகங்கள் எல்லாம் வாட்ஸ்அப்பில்தான் வந்து சேரும். பேனர் கெடுவது பெரும்பாலும் மெஷினில் இல்லை, இந்த இடத்தில்தான்.

அதற்கு முன் 'பிரிண்ட் என்றாலே 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும்' என்கிற கதையை முடித்துவிடுவோம். அது கையில் பிடித்துப் படிக்கும் பத்திரிகைக்கு. பேனரைப் பார்க்கும் தூரத்தை அங்குலமாக்கி, 3,438-ஐ அதால் வகுத்துப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் இருந்தால் கண்ணுக்குப் போதும் என்பது வந்துவிடும். 20 அடி தூரத்துக்கு 14. 10 அடிக்கு 29. மண்டப வாசலில் 3 அடியில் நின்று செல்ஃபி எடுக்கிற பேனருக்கு 95. பொதுவாக 10×8 அடிக்கு 72 வைத்தால் தாராளம்: 8,640×6,912 பிக்சல், சிஎம்ஒய்கேயில் (சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்ற நாலு மை) சுமார் 240 எம்பி. அதையே 300-ல் வைத்தால் 4 ஜிபியைத் தாண்டும். அகலம் 36,000 பிக்சல் ஆகிவிடுவதால் ஃபோட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலாகச் சேமிக்கவே முடியாது, அதன் எல்லை 30,000. ரோட்டோரத்து 20×10-க்கு 40 போதும்.

இப்போது படம். வாட்ஸ்அப் சாதாரணமாக அனுப்பும் போட்டோவின் நீளப் பக்கம் 1,600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடும். அதை 8 அடி உயரத்துக்கு இழுத்தால் அங்குலத்துக்கு 17 பிக்சல்தான். தூரத்திலிருந்து பார்க்க அதுகூடப் பரவாயில்லை. உண்மையான வில்லன் ஜேபெக் சுருக்கம். அது படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்குகிறது. இந்த அளவில் ஒவ்வொரு கட்டமும் அரை அங்குலம். கன்னத்தில் டைல்ஸ் ஒட்டிய மாதிரி இருக்கும். 'டாக்குமெண்ட்' ஆக அனுப்பச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

அதுவும் கிடைக்கவில்லையா? முதலில் ஃபோட்டோஷாப்பின் கேமரா ரா ஃபில்டரில் நாய்ஸை (படத்தில் தெரியும் பொடிப் புள்ளிகளை) குறையுங்கள். பிறகு 'ப்ரிசர்வ் டீட்டெயில்ஸ் 2.0' வைத்து ஒரே தடவையில் பெரிதாக்குங்கள். அதன் பிறகே லேசாக ஷார்ப்பன், கடைசியில் புதிதாக 2 சதவீதம் நாய்ஸ் சேருங்கள். ஷார்ப்பனை முதலில் போட்டால் கட்டங்களின் ஓரமும் சேர்ந்து கூர்மையாகும். ஏஐ மென்பொருளை முழுசாக நம்ப வேண்டாம். மங்கலான தாத்தா படத்துக்கு அது வேறு யாருடைய கண்ணையோ வைத்துவிடும், சொந்தக்காரர்கள் பார்த்ததுமே பிடித்துவிடுவார்கள்.

பழைய பாஸ்போர்ட் போட்டோவை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 4.5 செ.மீ. உயரத்துக்குச் சுமார் 1,060 பிக்சல் வரும். 2 அடி முகத்துக்கு அது போதும். 1,200-ல் எடுத்தாலும் பெரும்பாலும் காகிதத்தின் சொரசொரப்புதான் கூடுதலாகத் தெரியும்.

கறுப்பைக் கே 100 மட்டும் வைத்து விட்டால் வெளுத்துச் சாம்பலாக வரும். சி 40, எம் 30, ஒய் 30, கே 100 நன்றாக இருக்கும். நாலையும் 100 வைத்தால் மை காயாமல், சுருட்டியதும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நீலத்தில் மெஜந்தாவை சயானுக்குச் சமமாக ஏற்றினால் கத்தரிப்பூ நிறம்தான் கிடைக்கும்.

யூனிகோட் இல்லாத தமிழ் ஃபாண்ட் என்றால் கோரல்டிராவில் கண்ட்ரோல் க்யூ அடித்து கர்வ் (எழுத்தை வெறும் வடிவம்) ஆக்கிவிட்டே அனுப்புங்கள். இல்லாவிட்டால் அடுத்த கம்ப்யூட்டரில் திறக்கும்போது பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். இருட்டுப் பின்னணியில் வெள்ளைச் சிறு எழுத்தும் வேண்டாம். மை பரவி புள்ளிகளை மூடிவிடும்.

ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஃப்ரேமில் மடித்து ஆணி அடிக்க நாலு பக்கமும் 3 அங்குலம் கூடுதல் விடுங்கள். பேனரின் நீளம், உயரம் இரண்டுமே 10 அடியைத் தாண்டினால் ஒட்டுத்தான் போடுவார்கள்; ஒட்டு விழும் கோடு யார் முகத்திலும் வராமல் டிசைனிலேயே தள்ளி வையுங்கள்.

முழுசாக ஓட்டும் முன், ஒரு கண்ணும் இரண்டு வரி எழுத்தும் வருகிற மாதிரி ஒரு சதுர அடியை அதே அளவில் வெட்டி அடித்துப் பாருங்கள். கூலி சதுர அடிக் கணக்கு என்பதால் செலவு அற்பம். டியூப்லைட்டுக்குக் கீழே பார்க்காமல் தெருவுக்குக் கொண்டுபோய் வெயிலில் பாருங்கள். முகம் சிவந்திருக்கிறதா, மஞ்சளடித்திருக்கிறதா என்பது அங்கேதான் தெரியும்.