ஒண்டும் வேண்டாம் என்றவளுக்கு 30 கிலோ

"ஒண்டும் குடுத்துவிடாதேங்கோ அம்மா, இங்க எல்லாம் வாங்கலாம்" என்று மகள் வட்ஸ்அப்பில் சொல்லிவிட்டால், கொழும்பு வெள்ளவத்தையில் அன்று பின்னேரமே செத்தல் மிளகாய் வாங்கப் புறப்பட வேண்டும். இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. லண்டனுக்கோ கனடாவுக்கோ யாராவது போகிறார்கள் என்று தெரிந்த நாளிலிருந்து குசினியில் வேலை தொடங்கிவிடும்.

மகள் சொன்னது பொய்யுமில்லை. ஈஸ்ட்ஹாமிலும் ஹரோவிலும் ஸ்கார்பரோவிலும் எங்கள் ஆட்களின் கடைகளில் ஒடியல் மா முதல் முருங்கைக்காய் வரை கிடைக்கிறது. வறுத்த சிவப்பரிசி மாவும், இடியப்பம் காயவைத்த பக்கற்றும், நெக்டோ சோடாவும் அங்கேயே அடுக்கியிருக்கிறது. அதனால் பெட்டி கட்டும்போது பார்க்க வேண்டியது அங்கே கிடைக்குமா என்பதையல்ல, அங்கே வீட்டில் செய்ய முடியுமா என்பதை. இந்தக் கேள்வியைக் கேட்டாலே பாதிச் சாமான் கழிந்துவிடும். 5 கிலோ அரிசி மாவைச் சுமந்துகொண்டு கண்டம் தாண்டுவது பாசம்தான், ஆனால் அந்த 5 கிலோவில் போயிருக்கக்கூடிய வேறு பொருட்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அங்கே செய்யவே முடியாதது வறுத்த கறித்தூள். அடுக்குமாடியில் செத்தல் வறுத்தால் புகை எச்சரிக்கை மணி அலறும். மணி முழுக் கட்டடத்துக்கும் இணைத்திருந்தால் எல்லா வீட்டுக்காரரும் குளிருக்குள் வாசலில் இறங்கி நிற்பார்கள், பின்னாலேயே தீயணைப்பு வண்டியும் வரும். வெள்ளவத்தையிலும் நாங்கள் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம், ஆனால் இங்கே மேல்வீட்டுக்காரர் தும்மிவிட்டு, "ஆர் போயினம், லண்டனுக்கோ?" என்று கேட்பதோடு விஷயம் முடிந்துவிடும்.

அளவு வீட்டுக்கு வீடு மாறும். பிழைக்காத கணக்கு ஒன்று: செத்தல் 1 கிலோ, மல்லி 1 கிலோ, பெருஞ்சீரகம் 200 கிராம், சின்னச்சீரகம் 100, மிளகு 100, வெந்தயம் 50, மஞ்சள் துண்டு 50, கறிவேப்பிலை இரண்டு கைப்பிடி. மொத்தமாக வாங்குவதென்றால் புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெரு. சில்லறையாகப் போதுமென்றால் காலி வீதிக் கடைகளே போதும். செத்தலைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். முறிய வேண்டும். வளைந்து கொடுத்தால் ஈரம் இருக்கிறது, அதற்குக் கொழும்புக் காற்றே காரணம். மழை நாளென்றால் வறுக்கமுன் ஒரு வெயிலாவது காட்டத்தான் வேண்டும். பல்கனியில் காயப்போட்டால் காகத்துக்கு ஒரு ஆள் காவல்.

ஒவ்வொன்றையும் தனித்தனியாக வறுக்க வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகத் தாச்சியில் கொட்டினால் மல்லி பச்சையாக இருக்கும்போதே சீரகம் கருகிவிடும். முதலில் மல்லி, மெல்லிய நெருப்பில், வாசம் கிளம்பி நிறம் ஒரு படி இறங்கும்வரை. பிறகு சீரக வகைகளும் மிளகும். வெந்தயத்தில் கவனம் தேவை: பொன்னிறம் தாண்டிக் கருகினால் அந்த 50 கிராம் முழுத்தூளையும் கசக்க வைக்கும், பிறகு என்ன செய்தும் திருத்த முடியாது. கறிவேப்பிலை கையில் நொறுங்கும்வரை வறுபட வேண்டும். அரைகுறையாக வறுத்த இலையின் ஈரம்தான் பின்னால் பூஞ்சணம் பிடிக்க வைக்கிறது. காம்பு நீக்கிய செத்தல் கடைசியில், யன்னல் எல்லாம் திறந்து வைத்துக்கொண்டு.

மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைபட்டது என்று கேளுங்கள். அரிசி மா அரைத்த கையோடு போட்டால் முதல் இரண்டு கைப்பிடி வெளிறி வரும், அதைப் புறம்பாக எடுத்து வைத்து வீட்டுக்குப் பாவிக்கலாம். அரைபட்ட தூள் சூடாக வரும். இந்த இடத்தில்தான் பெரும்பாலானோர் அவசரப்படுகிறார்கள். சூட்டோடு கட்டினால் பைக்குள்ளேயே நீராவி படிந்து தூள் கட்டிபட்டுவிடும். சுத்தமான தாளில் பரப்பி, மின்விசிறியை நிற்பாட்டிவிட்டு, நன்றாக ஆறவிட வேண்டும். மின்விசிறியை ஏன் நிற்பாட்டச் சொல்கிறேன் என்பது மறந்தவர்களுக்கு உடனேயே விளங்கும்.

இனிக் கட்டுவது. இரண்டரைக் கிலோவையும் ஒரே பையில் போடாமல் அரைக் கிலோவாகப் பிரியுங்கள். அங்கே ஒன்றைத் திறந்தால் மற்றவை வாசம் போகாமல் பிரீசரில் கிடக்கும். சுங்க அதிகாரி வெட்டிப் பார்த்தாலும் ஒன்றோடு போகும். தடித்த பொலித்தீன் பையில் போட்டு, காற்றை நன்றாக அழுத்தி வெளியேற்றி, வாயை இரும்பறுக்கும் வாளின் தகட்டில் மடித்துப் பிடித்து மெழுகுதிரிச் சுவாலையில் ஓட்டினால் நன்றாக ஒட்டிக்கொள்ளும். வாக்கியூம் செய்து தருகிற கடை பக்கத்தில் இருந்தால் இந்த வித்தையே தேவையில்லை. காற்று ஏன் இருக்கக்கூடாது? பறக்கும்போது விமானத்துக்குள் அழுத்தம் தரையில் இருப்பதைவிடக் குறைவு. பைக்குள் அடைபட்ட காற்று விரிந்து, ஒட்டின இடத்தைத் தள்ளும். அது விட்டுக்கொடுத்தால் மருமகனின் வெள்ளைச் சேட்டெல்லாம் குழம்பு நிறத்தில் போய்ச் சேரும், எத்தனை முறை தோய்த்தாலும் பெருஞ்சீரகம் மணக்கும். ஒவ்வொரு பையிலும் உள்ளே இருப்பது என்னவென்று ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். பெயரில்லாத மண்ணிறத் தூள் ஐந்து பை எந்த எக்ஸ்ரே திரையிலும் நல்ல பிள்ளையாகத் தெரியாது. தூளைக் கையில் கொண்டுபோகும் பாக்கில் வைக்காதீர்கள். அமெரிக்காவுக்குப் போகிறவர்களிடம் 350 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட தூளைக் கைப்பொதியில் விடாமல் தடுக்கலாம்.

நல்லெண்ணெய்க்கும் அதே காற்றுக் கணக்குத்தான். பிளாஸ்ரிக் போத்தலில் எண்ணெய்க்கு மேலே நிற்கும் காற்று விரிந்தால் எண்ணெயை மூடி வழியே தள்ளும். மூடியைத் திறந்து, போத்தலை லேசாக நசித்து, அந்த நிலையிலேயே மூடி, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டி, இரண்டு பைக்குள் கட்டினால் பயமில்லை. இடிச்ச சம்பலும் ஊறுகாயும் சுங்கத்துக்குப் பிரச்சினை இல்லாவிட்டாலும் கைப்பொதிக்குப் பிரச்சினை: 100 மில்லிலீற்றருக்கு மேற்பட்ட எந்தக் குழைவான சாமானும் பாதுகாப்புச் சோதனையில் குப்பைத்தொட்டிக்குத்தான் போகும். ஊறுகாய் திரவமா என்று அங்கே நின்று வாதாடி வென்றவர் எவருமில்லை.

கருவாடு. இதை எழுதாமல் விட முடியாது. பொலித்தீனை எத்தனை சுற்றுச் சுற்றினாலும் மணம் கசியும். பொலித்தீன் தண்ணீரைத்தான் மறிக்கும், மணம் அதனூடாக மெல்ல மெல்ல வெளியே வந்துவிடும். தகரம் விடாது. அதனால் மலிபன் பிஸ்கற் தகரம் வீட்டில் இருந்தால் எறியாதீர்கள். கருவாட்டை இன்னும் ஒரு நாள் காயவைத்து, செதிலும் தலையும் நீக்கி, தாளில் சுற்றி, பையில் போட்டு, தகரத்துக்குள் வைத்து, மூடியின் விளிம்பைச் சுற்றி ரேப் ஒட்ட வேண்டும். பெட்டியில் அதற்குப் பக்கத்தில் கூறைச்சேலையை வைக்கக்கூடாது என்பதைச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன், இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

நாட்டுக்கு நாடு சட்டம் மாறும், அதைப் பெரியவர்கள் நம்புவதேயில்லை. பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் இலங்கையிலிருந்து இறைச்சியையும் பாற்பொருளையும் தனியாள் கொண்டுவர விடாது. ஆகவே ஊர்ப் பசுநெய் போத்தல் வேண்டாம். மீன் விஷயத்தில் தாராளம், ஒருவருக்கு 20 கிலோ வரை, கருவாட்டுப் பிரியர்கள் நிம்மதியாக இருக்கலாம். அமெரிக்காவுக்குப் பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக முடியாது. தோடை, எலுமிச்சை மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி கறிவேப்பிலையிலும் வாழ்வதால் இந்தத் தடை. அவுஸ்திரேலியாவுக்குப் போகிறவர் விமானத்தில் தரும் அட்டையில் உணவு இருக்கிறது, மரச்சாமான் இருக்கிறது என்று உண்மையைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மிஞ்சிப்போனால் சாமானைத்தான் எடுப்பார்கள், மறைத்தால் தண்டம் கட்ட வேண்டி வரும். சுளகு, நீத்துப்பெட்டி, மரத்தால் ஆன இடியப்ப உரல் எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள், உளுத்த துளை ஒன்று கண்ணில் பட்டால் போதும். வளைகுடாவுக்குக் கசகசாவைக் குருமா மசாலாவில்கூடக் கலந்து அனுப்பாதீர்கள், அங்கே அது போதைப்பொருள் வழக்கு. அம்மம்மாவின் பழைய குத்துவிளக்கை மகளுக்கு அனுப்ப ஆசைப்படுகிறவர்களும் கவனிக்க வேண்டும்: பழம்பொருள் கணக்கில் வரும் சாமான்களை நாட்டைவிட்டுக் கொண்டுபோகத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். பித்தளைக்கடையில் புதிது வாங்கினால் பற்றுச்சீட்டை விளக்கோடேயே வையுங்கள்.

பலகாரம் பாரத்தைவிட இடத்தைத்தான் தின்னும். முறுக்கு, பருத்தித்துறை வடை இவற்றுக்குப் பெட்டிக்குள்தான் இடம் பார்க்க வேண்டும், கூரியரில் போடாதீர்கள். கூரியர்காரர் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் பெருக்கி 5000ஆல் பிரித்து, அதையும் உண்மையான நிறையையும் ஒப்பிட்டு, எது கூடவோ அதற்குக் காசு கேட்பார். 40க்கு 40க்கு 40 பெட்டி என்றால் 12.8 கிலோ. உள்ளே 4 கிலோ முறுக்குத்தான் என்பது அவருக்குத் தேவையில்லாத கதை. பயத்தம் உருண்டை, எள்ளுருண்டை பாரமும் அடக்கமும் உள்ள சாதி, அவை கூரியருக்குப் பொருத்தம். உருண்டைக்குத் தேங்காய்ப்பூவைச் சேர்ப்பவர்கள் அது பொன்னிறமாகி ஈரம் முழுக்க வற்றும்வரை வறுக்க வேண்டும். இல்லாவிட்டால் போய்ச்சேர முன்னரே காறல் மணம் வந்துவிடும். பேரப்பிள்ளைகள் எப்படியும் சாப்பிடப்போவதில்லை, அவர்களுக்கு மஞ்சி சொக்லேற் பிஸ்கற் இரண்டு பக்கற் போதும். பலகாரம் மருமகனுக்கு. இரவு 11 மணிக்குக் குசினியில் லைற் போடாமல் எடுத்துச் சாப்பிடுவது அவர்தான்.

இனி நிறை. ரிக்கெற்றைப் பொறுத்து 30 கிலோ மொத்தம் என்று இருக்கும், அல்லது 23 கிலோவாக இரண்டு பெட்டி என்று இருக்கும். இரண்டும் ஒன்றல்ல. பெட்டிக்கு இவ்வளவு என்ற துண்டுக் கணக்கென்றால் ஒரு பெட்டி 26, மற்றது 20 என்று சராசரி பார்க்க மாட்டார்கள், 26க்குத் தண்டம் வரும். எந்தக் கணக்கானாலும் தனிப்பெட்டி ஒன்று 32 கிலோவைத் தாண்டினால் ஏற்க மாட்டார்கள், தூக்குகிறவர்களின் நாரிக்காக வைத்த வரம்பு அது. கடினமான ஓடு உள்ள பெரிய பெட்டிகள் வெறுமையாகவே நான்கு ஐந்து கிலோ வரும் என்பதை வாங்கும்போதே யோசியுங்கள். கொக்கியில் தொங்கும் டிஜிற்றல் தராசு மலிவு. அது இல்லாவிட்டால் குளியலறைத் தராசில் பெட்டியோடு ஏறி, பிறகு பெட்டியில்லாமல் ஏறிக் கழித்துப் பாருங்கள். பெட்டியைத் தனியே தராசில் வைத்தால் இலக்கம் மறைந்துவிடும், குனிந்து பார்க்கிறவர் பெட்டியில் கைவைத்தால் நிறையும் மாறிவிடும். ஒரு கிலோ குறைவாகவே நிறுத்திக்கொள்ளுங்கள்.

அந்த ஒரு கிலோவைத் தேடித்தான் முதல்நாள் இரவு அயலவர் வருவார்கள். "சின்னப் பார்சல்தான் தம்பி, பாரமே இல்லை." பாரமே இல்லாத பார்சல் எப்போதும் இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். இதில் மட்டும் முகத்தைப் பார்க்கக் கூடாது. பெட்டியை நீங்களே கட்டினீர்களா, மற்றவர் தந்தது ஏதும் இருக்கிறதா என்று விமான நிலையத்தில் கேட்பார்கள், அதற்குப் பதில் சொல்லப் போகிறவர் பயணிதான். ஒட்டி வந்த பொதியை முன்னாலேயே பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். கோபிப்பவரின் பொதியை வாங்காமல் விடுவதே நல்லது. குளிசை என்றால் வைத்தியரின் துண்டும் கூட வர வேண்டும். சித்தாலேப, சமஹன் போன்ற மூலிகை மருந்துகள் கடையில் ஒட்டிய பெட்டியோடேயே போகட்டும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வழியனுப்பப் போகிறவர்கள் ஒரு வெறும் பையைக் கையோடு கொண்டுபோங்கள். பயணி பெட்டியை ஒப்படைத்துவிட்டுக் கைத்தொலைபேசியில் சொல்லும்வரை வாகனத்தைத் திருப்ப வேண்டாம், திருப்பிக் கொடுக்கிற சாமானை வாங்க ஒரு ஆள் வேண்டும். நிறை கூடினால் முதலில் கழற்ற வேண்டியவை பெட்டியின் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும், அடியில் இருந்தால் கவுன்ரர் முன்னால் உள்ளாடையெல்லாம் உலகம் பார்க்கும். முதலில் அரிசி மா, அடுத்தது தேயிலை, அதற்கடுத்தது அயலவரின் பாரமில்லாத பார்சல். தூளைத் தொட வேண்டாம். சம்பந்தி வீட்டார் மகனுக்குக் கொடுத்த பொதியையும் தொட வேண்டாம். அதற்கு மேலதிக நிறைக்குக் காசு கட்டுவதே மலிவு.