ஸ்டோரு வாசம்

சென்ற ஆகஸ்டில் ஊருக்குப் போனபோது, நம் கல்லூரியில் என்னோடு உயர்தரம் (ஏ.எல்.) வரை படித்த நண்பரைக் கூட்டிக்கொண்டு ஹந்தானைக்கு ஏறினேன். கண்டி நகருக்கு மேலே, மலைச் சரிவில் இருக்கிறது இலங்கைத் தேயிலை நூதனசாலை. 1925இல் கட்டிய நான்கு மாடித் தேயிலைத் தொழிற்சாலை அது. மூடிக் கிடந்த கட்டடத்தைத் தேயிலைச் சபையும் தோட்டத்துரைமார் சங்கமும் சேர்ந்து திருத்தி, பார்க்க வருவோருக்குத் திறந்துவிட்டார்கள்.

உள்ளே கால் வைத்ததும் நான் தேடியது வாசத்தைத்தான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குத் தெரியும், ஸ்டோருக்கென்று, அதாவது தேயிலைத் தொழிற்சாலைக்கென்று, ஒரு வாசம் உண்டு. இலை வாடும் மாடியில் பழம் பழுத்தது போல இனிப்பாக இருக்கும். இலையை உலர்த்தும் ட்ரையர் பக்கம் இறங்கினால் வறுபடும் சூடு தொண்டை வரை போகும். இங்கே பழைய ரோலர்களும் எஞ்சின்களும் துடைத்து வைத்தபடி அமைதியாக நின்றன.

எங்கள் தோட்டத்து ட்ரையர், பெல்ஃபாஸ்டில் டேவிட்சன் கம்பனி செய்த சிரொக்கோ. இரும்பில் வார்த்திருந்த அந்தப் பெயரை விரலால் தடவித்தான் நான் ஆங்கிலம் எழுத்துக்கூட்டப் பழகினேன். அப்பாவுக்கு வேலை மேல் மாடியில். இரவில் எழுந்து போய், வாட்டப் போட்ட இலையில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்குவார். காம்பு சடக்கென்று ஒடிந்தால் இன்னும் வாட வேண்டும். உருண்டையாக நின்று, கையை விரித்ததும் மெல்ல அவிழ்ந்தால், "அரைக்கலாம்" என்பார்.

கல்லூரியில் சேர்ந்த புதிதில் இதையெல்லாம் யாரிடமும் சொன்னதில்லை. டவுன் பிள்ளைகளுக்கு நடுவே, தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடான லயத்திலிருந்து வருகிறவன் என்று தெரிந்துவிடுமோ என்ற பயம். எட்டாம் வகுப்பில் விஞ்ஞானம் படிப்பித்த சேர், ஒரு பொருள் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேரும் ஒட்சியேற்றத்துக்குத் துருப்பிடித்த ஆணியைக் காட்டி, வேறு உதாரணம் கேட்டார். வகுப்பே பேசாமல் இருந்தது. என்னை அறியாமல் எழுந்துவிட்டேன். "ஸ்டோருல அரைச்ச கொழுந்து, சேர். காத்துப் பட்டா செம்பு நெறமாயிரும்."

"யார் சொன்னது?"

"அப்பா, சேர்."

அடுத்த திங்கட்கிழமை ஒரு பை வாடிய இலை கொண்டு வரச் சொன்னார். ஆளுக்கொரு பிடி கொடுத்துக் கசக்கச் சொல்லி, ஜன்னலோரம் கடதாசியில் பரப்பினோம். இரண்டு பாடவேளை முடிவதற்குள் ஓரமெல்லாம் சிவந்துவிட்டது. ஸ்டோரில் அதை ஃபெர்மன்டிங் என்பார்கள். உண்மையில் நடப்பது ஒட்சியேற்றம் என்று சேர் விளக்கினார். பிறகு கரும்பலகையில் எழுதினார்: ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து, ஒரு கிலோ தூள். "மிச்சம் மூன்றரைக் கிலோ எங்கே போனது? தண்ணீர். அந்தத் தண்ணீரையும் சேர்த்துத்தான் இந்தப் பிள்ளைகளின் அம்மாமார் தலையில் கயிறு போட்டுச் சுமக்கிறார்கள்." அன்றைக்குப் பிறகு நான் எந்தத் தோட்டம் என்று யார் கேட்டாலும் சத்தமாகவே சொன்னேன்.

ஹந்தானையில், இலங்கையில் வணிகத் தேயிலையைத் தொடங்கிவைத்த ஜேம்ஸ் டெயிலரின் நினைவுப் பொருட்களுக்கு முன்னால் நின்றபோது நண்பர் அந்தப் பாடத்தை ஞாபகப்படுத்தினார். அவரும் கசக்கியவர்தான். 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் டெயிலர் தேயிலை நட்டார். கோப்பியை நோய் அழித்த பிறகு மலை முழுதும் தேயிலையானது. 1873இல் இலண்டனுக்குப் போன முதல் தேயிலை 23 இறாத்தல்தான். ஒரு பெண் ஒரு நாளில் பறிக்கும் கொழுந்தின் எடைகூட அதைவிட அதிகம்.

மறுநாள் கம்பளைப் பக்கம் ஓல்ட் பீகொக் தோட்டத்துக்குப் போனோம். அங்கே 2007இலிருந்து தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் இயங்குகிறது. பழைய லயக் காம்பராவிலேயே அமைத்திருக்கிறார்கள். குனிந்து உள்ளே போனேன். பாத்திரங்கள், வேலைக் கருவிகள், பழைய பத்திரங்கள். நாங்கள் பிறந்த வீட்டுக்குள்ளேயே திரும்பப் போனது போல இருந்தது. ஹந்தானைக்குப் போகும் எவரும் இங்கேயும் வர வேண்டும். மெஷினை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பினால் தேயிலையைப் பாதிதான் பார்த்ததாகும்.

1964இல் இலங்கையும் இந்தியாவும் செய்த சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்தது. எங்கள் பெரியம்மா குடும்பமும் அந்தக் கணக்கில் போனது. கப்பலேறத் தலைமன்னாருக்குப் புறப்பட்ட அன்று காலை, பெரியம்மா தன் கூடைக் கயிற்றைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். அம்மா அதையே இருபது வருடம் போட்டு உழைத்தார். கயிற்றில், தலையில் அழுந்திய இடம் மட்டும் இன்றும் வழவழவென்று கறுத்திருக்கிறது. இத்தனை காலமும் அதை, ஊரை விட்டு வந்து நான் வாழும் இங்கே, அலுமாரியில் வைத்திருந்தேன்.

கொண்டு வந்தால் வைப்பீர்களா என்று ஓல்ட் பீகொக்கில் இருந்தவரிடம் கேட்டேன். "கொண்டு வாங்க" என்றார். வரும் ஏப்ரலில் போகிறேன். உங்கள் வீடுகளிலும் கொழுந்துக் கூடை, கவ்வாத்துக் கத்தி, பழைய சம்பளத் துண்டு ஏதாவது இருந்தால் இந்த மலரைத் தொகுக்கும் குழுவிடம் கொடுத்துவிடுங்கள். யாருடையது, எந்தத் தோட்டம், எந்த டிவிசன் என்று ஒரு துண்டில் எழுதிக் கட்டிவிட்டால் போதும். பெட்டியில் இடம் வைத்திருக்கிறேன்.